வரப்பிலிருந்து சிங்ஹுவா வரை: ஓர் அறிஞரின் தடத்தில் ஏழு நாள்

முதல் நாள், தியான்ஜின்

நள்ளிரவில் பெய்ஜிங்கில் இறங்கி, காலை ரயிலில் தியான்ஜின் வந்துவிட்டேன். 120 கிலோமீட்டர், அரை மணி நேரம்தான். பெட்டியை விடுதியில் போட்டுவிட்டு ஹாய் ஆற்றங்கரையில் நடந்துகொண்டிருக்கிறேன்.

எதற்கு இந்தப் பயணம் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். நான் கல்லூரியில் பன்னாட்டு அரசியல் நடத்துபவள். 2020 ஜூனில் கல்வான் பள்ளத்தாக்கில் இந்திய வீரர்கள் 20 பேர் உயிரிழந்த அந்த வாரம், ஆன்லைன் வகுப்பில் யென் சுவேதொங் பற்றிப் பாடம் எடுக்க வேண்டியிருந்தது. சிங்ஹுவா பல்கலைக்கழகத்தின் பேராசிரியர். 'அற யதார்த்தவாதம்' என்ற கோட்பாட்டுக்குச் சொந்தக்காரர். ஒரு வல்லரசு எழுவதும் விழுவதும் அதன் தலைமையைப் பொறுத்தது, அந்தத் தலைமையின் பலத்தில் அறத்துக்கும் பங்கு உண்டு என்பது அவர் வாதம். பாடம் முடிந்ததும் ஒரு மாணவி கேட்டாள்: "மேடம், இவர் அறம் அறம்னு எழுதுறாரே, அது அறத்தைப் பத்தின பேச்சா, பலத்தைப் பத்தின பேச்சா?"

புத்தகத்தில் இருந்த பதிலைச் சொன்னேன். அவளுக்கும் அது போதவில்லை, எனக்கும் போதவில்லை. அந்தக் கேள்வி என்னை விடவே இல்லை. இந்த மே விடுமுறையில், அவர் வாழ்ந்து படித்த ஊர்களையும் அவர் வாசித்த பழைய ஆசான்களின் ஊர்களையும் வரிசையாகப் பார்த்துவிடுவது என்று கிளம்பிவிட்டேன். அவரை நேரில் சந்திப்பது திட்டத்தில் இல்லை. இடங்களைப் பார்த்தால் எழுத்து இன்னும் கொஞ்சம் புரியும் என்ற நம்பிக்கை மட்டும் இருக்கிறது.

யென் 1952 டிசம்பரில் பிறந்தது இந்த ஊரில். 'ஐந்து பெருஞ்சாலைகள்' என்று அழைக்கப்படும் பகுதியில் ஐரோப்பிய பாணி மாளிகைகள் இன்றும் நிற்கின்றன. பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, ஜப்பான், ரஷ்யா என்று ஒன்பது நாடுகள் இந்த ஒரே நகரத்தில் தனித்தனியாகத் துண்டு போட்டு வைத்திருந்த காலம் உண்டு. வல்லரசு என்றால் என்ன என்று ஒரு தியான்ஜின் பிள்ளைக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. தெருவில் இறங்கி நடந்தால் போதும்.

இரண்டாம் நாள், ரயிலில்

இன்று முழுக்க ரயில்தான். வடகிழக்கே சுமார் 1,200 கிலோமீட்டர். ஜன்னலுக்கு வெளியே முதலில் கோதுமை, அப்புறம் தொழிற்சாலைகள், அப்புறம் முடிவே தெரியாத கருப்பு மண். மாலையில் ஹார்பின். லைலாக் மரங்கள் பூத்து ஊரே மணக்கிறது. இரவு உணவுக்கு உருளைக்கிழங்கும் கத்தரிக்காயும் குடமிளகாயும் சேர்த்து வதக்கிய 'தீ சான் சியான்'. 'மண்ணின் மூன்று புதுச்சுவை' என்று பொருளாம். சோற்றோடு சாப்பிட்டபோது நம் வீட்டு வதக்கல் ஞாபகம் வந்தது.

மூன்றாம் நாள், ஹார்பினும் வயலும்

1969-இல், 16 வயதில், யென் இந்த ஹெய்லோங்ஜியாங் மாகாணத்துக்கு அனுப்பப்பட்டார். ஹெய்லோங்ஜியாங் உற்பத்தி மற்றும் கட்டுமானப் படை என்ற அமைப்பு அதற்கு முந்தைய ஆண்டுதான் தொடங்கப்பட்டிருந்தது. ராணுவ ஒழுங்கில் நடக்கும் பண்ணை என்று வைத்துக்கொள்ளலாம். கலாச்சாரப் புரட்சிக் காலத்தில் ஏறத்தாழ 1 கோடியே 70 லட்சம் நகரத்துப் பிள்ளைகள் இப்படிக் கிராமங்களுக்கும் எல்லைப் பகுதிகளுக்கும் போனார்கள். 'சிச்சிங்', அதாவது படித்த இளைஞர்கள் என்று பெயர். யென் ஒன்பது ஆண்டுகள் இங்கே இருந்தார்.

அந்த நாட்களைப் பற்றி அவரே ஒரு நேர்காணலில் பேசியிருக்கிறார். மே மாதத்திலும் வயல் தண்ணீர் உறைந்திருக்கும். விதைக்கும் கருவியை இழுக்கும்போது பூட்ஸ் போட அனுமதி கிடையாது. வெறுங்காலோடு பனிக்கட்டி மேல் நடந்து கால் முழுக்கக் கீறல். 80 கிலோ வரை கனக்கும் விதை மூட்டையைத் தூக்கிக்கொண்டு வரப்பில் நடக்க வேண்டும். கால் கொஞ்சம் பிசகினால் வயலுக்குள் விழ வேண்டியதுதான். மனிதர்கள் அடித்துக் கொல்லப்பட்டதைப் பார்த்ததையும், பார்த்துப் பார்த்து மனம் மரத்துப் போனதையும் அதே பேச்சில் சொல்கிறார்.

அவர் இருந்த பண்ணையைத் தேடி அலைய எனக்கு நேரமில்லை. ஆனால் ஒரு மே மாத வயலில் இறங்காமல் போகக் கூடாது என்று தோன்றியது. மொழிபெயர்க்க உதவியாக வந்த கல்லூரிப் பெண், ஹார்பினுக்குத் தெற்கே வூச்சாங் பக்கம் அழைத்துப்போனாள். சீனாவில் வூச்சாங் அரிசிக்கு நம் ஊர் சீரகச் சம்பா போல ஒரு மரியாதை. நாற்றங்கால் பச்சையாக நிற்கிறது, நடவுக்கு வயலில் தண்ணீர் கட்டியிருக்கிறார்கள். சொல்லித்தர எதுவும் இல்லை. சேறு, வரப்பு, மடை எல்லாம் எனக்குத் தெரிந்தவை. வயல்காரரிடம் கேட்டுவிட்டுச் செருப்பைக் கழற்றி இறங்கினேன்.

ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்க முடியவில்லை. பனிக்கட்டி ஏதும் இல்லை, வெயிலும் அடிக்கிறது. ஆனாலும் அந்தக் குளிர் கணுக்காலிலிருந்து எலும்புக்குள் ஏறுகிறது. வெளியே வந்து துண்டால் காலைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது வயல்காரர் சுடுநீர்க் குடுவையை நீட்டினார். அவருடைய அம்மாவும் ஒரு சிச்சிங்காக வந்து, திரும்பிப் போகாமல் இங்கேயே தங்கிவிட்டவராம். "அம்மா அதைப் பற்றிப் பேச மாட்டார்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். நானும் மேலே கேட்கவில்லை.

ஒன்பது ஆண்டு இப்படிக் கழித்த ஒருவர் உலக அரசியலை எழுத வரும்போது, இனிப்பான சொற்களில் அவருக்கு நம்பிக்கை இருக்காது. வகுப்பில் அவரை 'கறாரானவர்' என்று ஒரே சொல்லில் அறிமுகப்படுத்திவிட்டுப் போயிருக்கிறேன். அந்தச் சொல்லுக்குள் இந்தத் தண்ணீரின் குளிரும் இருக்கிறது என்று இன்றுதான் உறைத்தது.

மாலையில் ஹெய்லோங்ஜியாங் பல்கலைக்கழகம். 1941-இல், அப்போது கம்யூனிஸ்டுகளின் தளமாக இருந்த யான்ஆனில், ரஷ்ய மொழி கற்றுக்கொடுக்கத் தொடங்கிய ஒரு சிறு பயிற்சிக் குழுதான் இதன் வேர். 1977 டிசம்பரில், பத்தாண்டு இடைவெளிக்குப் பிறகு பல்கலைக்கழக நுழைவுத் தேர்வு திரும்ப வந்தபோது நாடு முழுவதும் சுமார் 57 லட்சம் பேர் எழுதினார்கள். இடம் கிடைத்தது 2,70,000 பேருக்கு. சேற்றிலிருந்து நேரே தேர்வு அறைக்கு வந்த தலைமுறை அது. யென் ரஷ்ய மொழிக்குப் பேர்போன இந்த வளாகத்தில் ஆங்கிலம் படித்து 1982-இல் பட்டம் பெற்றார். அப்போது அவருக்கு 29 வயது. என் மாணவர்களில் சிலர் 22 வயதிலேயே 'காலம் போய்விட்டது மேடம்' என்கிறார்கள். அவர்களுக்காகவே இந்த வாசலில் ஒரு படம் எடுத்து வைத்திருக்கிறேன்.

இரவு ரயிலில் பெய்ஜிங்.

நான்காம் நாள், பெய்ஜிங்

இன்று பார்க்க அதிகம் இல்லை. அவர் பட்டம் வாங்கியதும் வேலைக்குச் சேர்ந்த சீன நவீன பன்னாட்டு உறவுகள் ஆய்வகம் நகரின் மேற்கே இருக்கிறது. அரசுக்கு ஆலோசனை தரும் நிறுவனம், நம்மைப் போன்றவர்கள் உள்ளே போகிற இடமில்லை. முதுகலை முடித்தது கோடைக்கால அரண்மனைக்குப் பக்கத்தில் உள்ள பன்னாட்டு உறவுகள் பல்கலைக்கழகத்தில், 1986-இல். அந்தச் சுவரோரமாக ஒரு நடை நடந்துவிட்டு ஏரிக்கரையில் உட்கார்ந்துவிட்டேன்.

அடுத்த கட்டம் அமெரிக்கா. கலிபோர்னியாவின் பெர்க்லியில் 1992-இல் முனைவர் பட்டம். நாடுகளுக்கு மேலே ஓர் அரசு கிடையாது, ஆகவே ஒவ்வொரு நாடும் தன் பலத்தைத்தான் நம்ப வேண்டும் என்று இறுக்கமான கட்டமைப்பாக எழுதிய கென்னத் வால்ட்ஸ் அப்போது அங்கே ஆசிரியர். யென் திரும்பி வந்தது அளவிடும் பழக்கத்தோடு. 1996-இல் சீனாவின் தேசிய நலனைப் பற்றி அவர் எழுதிய நூல், நலன் என்பதைக் கோஷமாக விடாமல் கூறுகூறாகப் பிரித்து எடைபோட முயன்றது. 2001-இல் ஆய்வு முறைகளுக்கு ஒரு பாடநூலை இன்னொருவரோடு சேர்ந்து எழுதினார். சிங்ஹுவாவில் அவர் உருவாக்கிய குழு, சீனாவுக்கும் மற்றப் பெரிய நாடுகளுக்கும் உள்ள உறவை மாதாமாதம் எண்ணால் குறித்தது. மைனஸ் 9 என்றால் முழுப் பகை, பிளஸ் 9 என்றால் முழு நட்பு.

உறவுக்கு மதிப்பெண் போட முடியுமா என்று எனக்கு இன்றும் தயக்கம் உண்டு. ஆனால் எண்ணில் சொல்பவர் மாட்டிக்கொள்வார் என்பதை நான் மதிக்கிறேன். தைவான் நீரிணையில் மோதல் வரும் என்று யென் பல ஆண்டுகள் எச்சரித்துக்கொண்டிருந்தார். அது வரவில்லை. 2008-இல் தன் கணிப்பு தவறு என்று எழுதி வாசகர்களிடம் மன்னிப்புக் கேட்டார். நம் துறையில் இதை எத்தனை பேர் செய்திருக்கிறார்கள்?

ஐந்தாம் நாள், சிங்ஹுவா

முன்பதிவு செய்து, பாஸ்போர்ட்டைக் காட்டித்தான் உள்ளே போக முடிகிறது. வெள்ளை நிற 'இரண்டாம் வாசல்' முன்னால் பள்ளிப் பிள்ளைகள் வரிசை வரிசையாக நின்று படம் எடுக்கிறார்கள். எத்தனை பெற்றோரின் கனவு அந்த வாசல்!

யென் 2000-இல் இங்கே வந்தார். பன்னாட்டு உறவுகள் துறை இயங்கிய மிங்சாய் என்ற கட்டடம், முன்பு மாணவர் விடுதியாகக் கட்டப்பட்ட பழைய செங்கல் கட்டடம். மரங்களுக்கு நடுவே சத்தமில்லாமல் நிற்கிறது. இங்கிருந்துதான் 2006-இல் பன்னாட்டு அரசியலுக்கான சீன ஆய்விதழ் ஒன்றை ஆங்கிலத்தில் தொடங்கினார். ஆக்ஸ்போர்டு அதை வெளியிடுகிறது. 2012 முதல் நடக்கும் உலக அமைதி மன்றத்துக்கும் அவர்தான் பொதுச் செயலாளராக இருந்தார்.

எனக்கு முக்கியமானது அதே காலத்தில் நடந்த இன்னொன்று. எண்களோடு இருந்தவர், 50 வயதைத் தாண்டிய பிறகு, பழைய நூல்களைத் திறந்தார். சீனாவை முதலில் ஒன்றாக்கிய சின் பேரரசுக்கு முந்தைய காலம். நூற்றுக்கணக்கில் இருந்த சிற்றரசுகள் ஒன்றையொன்று விழுங்கிக் கடைசியில் ஏழாகச் சுருங்கிய காலம். அந்தக் காலத்து ஆசான்கள் கன்பூசியஸ், மென்சியஸ், மோட்ஸு, லாவோட்ஸு, ஹான்ஃபெய், எல்லாருக்கும் மேலாக ஷுன்ட்ஸு. நாடுகளுக்கிடையிலான அரசியலைப் பற்றி இவர்கள் சொன்னவற்றைத் தன் குழுவோடு தொகுத்து 2008-இல் வெளியிட்டார். பிறகு 2011-இல் பிரின்ஸ்டன் வெளியிட்ட ஆங்கில நூல் அவரை உலகம் அறியச் செய்தது. 2019-இல் வந்த அடுத்த நூலில் தலைமைதான் மையம். கப்பல்களும் பணமும் எவ்வளவு இருந்தாலும், தலைமை கெட்டால் நாடு இறங்கும் என்கிறார்.

ஷுன்ட்ஸு மூன்று வகை ஆட்சியைச் சொல்கிறார்: வாங், பா, சியாங். அறவேந்தன், மேலாதிக்கன், வலியவன் என்று நான் வகுப்பில் எழுதுவேன். செங்கோல், கொடுங்கோல் என்ற நம் சொற்கள் இரண்டு முனைகளைக் காட்டும். ஆனால் நடுவில் இருக்கும் 'பா' நம் சொற்களில் சுலபமாக அகப்படாது. அதில் நல்லவனும் முழுக்க இல்லை, கொடியவனும் முழுக்க இல்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற பலசாலி அவன். நாளைக்கு லின்ஸியில் அவனைத்தான் பார்க்கப் போகிறேன்.

வளாகத்தில், இங்கே ஆசிரியராக இருந்த அறிஞர் வாங் குவோவெய்யின் நினைவுக் கல் முன்னால் கொஞ்ச நேரம் நின்றேன். 1929-இல் நட்டது. சுயேச்சையான மனமும் சுதந்திரமான சிந்தனையும் வேண்டும் என்று அதில் பொறித்திருக்கிறது. 2022 ஜனவரியில் யென் இந்தப் பல்கலைக்கழகக் கருத்தரங்கில் ஆசிரியர்களிடம் பேசியது அங்கே நினைவுக்கு வந்தது. 2000-க்குப் பிறகு பிறந்த மாணவர்கள் மற்ற நாடுகளை மேலிருந்து கீழே பார்க்கிறார்கள், சீனா மட்டுமே நேர்மையானது மற்றவை எல்லாம் தீயவை என்று நினைக்கிறார்கள் என்று கவலைப்பட்டார். சொந்த நாட்டுப் பிள்ளைகளைப் பற்றி இப்படிப் பொதுவில் சொல்ல ஆசிரியருக்குத் துணிச்சல் வேண்டும். என் வகுப்பிலும் அதே மேட்டிமை வேறு கொடியின் கீழ் இருக்கிறது. நான் இன்னும் அதை இவ்வளவு நேராகச் சொன்னதில்லை.

ஆறாம் நாள், லின்ஸி

பெய்ஜிங்கிலிருந்து ரயிலில் ஷான்தோங் மாகாணத்தின் ஸிபோ. 2023-இல் தெருவோரச் சுட்ட இறைச்சிக்காகச் சீனா முழுவதும் படையெடுத்த ஊர். நான் எள் தூவிய சோவ்சுன் ரொட்டியோடு நிறுத்திக்கொண்டேன். அப்பளம் போல் மெல்லிசு, வாயில் வைத்தால் நொறுங்குகிறது.

இந்த ஸிபோ இன்னொருவருடைய ஊரும்கூட. சின் யாச்சிங், 1953-இல் பிறந்தவர், மிசௌரியில் முனைவர் பட்டம் பெற்றுச் சீன வெளியுறவுப் பல்கலைக்கழகத்தின் தலைவராக இருந்தவர். பன்னாட்டு உறவுக் கோட்பாட்டாளர் அலெக்சாண்டர் வெண்ட்டைச் சீனத்தில் மொழிபெயர்த்தவரும் இவர்தான். சீனப் பண்பாட்டில் மனிதன் தனியாள் இல்லை, உறவுகளின் முடிச்சு, ஆகவே உலக அரசியலையும் உறவுகளிலிருந்து எழுத வேண்டும் என்பது அவர் வாதம். 2018-இல் கேம்பிரிட்ஜ் வெளியிட்ட அவருடைய நூல் அதை விரிக்கிறது. 'சீனப் பள்ளி' என்று தனியாக ஒரு கோட்பாட்டு மரபு வர வேண்டும், வரும் என்பது அவர் நம்பிக்கை. யென்னோ அந்தப் பெயரே வேண்டாம் என்பவர். கோட்பாடு என்றால் எல்லா நாட்டுக்கும் பொருந்த வேண்டும், சரக்கு மட்டும் சீனாவிலிருந்து எடுக்கலாம் என்பார். இந்த விவாதத்தில் என் மனம் யென் பக்கம். ஊர்ப் பெயரை ஒட்டினால் கோட்பாடு அந்த ஊருக்கு வெளியே பதில் சொல்லாமல் தப்பித்துவிடும்.

லின்ஸி, ஸிபோவின் ஒரு பகுதி. அந்தப் பழைய சிற்றரசுகளில் ஒன்றான சீ நாட்டின் தலைநகரம். முதலில் குதிரைக் குழி. கிமு 490-இல் இறந்த ஜிங் கோமகனின் கல்லறையைச் சுற்றி, மொத்தம் 600 குதிரைகள் புதைக்கப்பட்டிருக்கலாம் என்று கணித்திருக்கிறார்கள். திறந்து வைத்திருக்கும் பகுதியில் எலும்புக்கூடுகள் ஒரே பக்கமாகத் தலைசாய்த்து வரிசையாகக் கிடக்கின்றன. பலம் என்றால் இதுதான் என்று காட்ட ஓர் அரசன் செய்த ஏற்பாடு. எனக்கு வயிற்றைப் பிசைந்தது. வெளியே வந்துவிட்டேன்.

அங்கிருந்து குவான் ஜோங் சமாதி. மரங்கள் மூடிய ஒரு பெரிய மண்மேடு, பக்கத்தில் நினைவகம். கிமு 645-இல் இறந்தவர், சீ நாட்டை ஆண்ட ஹுவான் கோமகனின் அமைச்சர். இந்த இருவரைப் பற்றிய ஒரு கதையை எடுத்துச் சொல்லாமல் 'பா' என்பதை விளக்கவே முடியாது.

கிமு 681. சீ நாடு லூ நாட்டைத் தோற்கடித்து நிலத்தைப் பிடுங்கியிருந்தது. சமாதானச் சடங்கின் மேடையில் லூ நாட்டு வீரன் ஒருவன் பாய்ந்து வந்து ஹுவான் கோமகன் மேல் கத்தியை வைத்தான். "எங்கள் நிலத்தைத் திருப்பிக் கொடு." சரி என்று சொல்லி உயிர் தப்பினார் கோமகன். கத்தி கீழே போனதும் அவருக்குக் கோபம் தலைக்கேறியது. மிரட்டி வாங்கிய வாக்குக்கு என்ன மதிப்பு, வாக்கை உடைத்துவிடலாம், இவனையும் கொன்றுவிடலாம் என்றார். குவான் ஜோங் தடுத்தார். அற்ப லாபத்துக்காக வாக்கை உடைத்தால் மற்ற அரசர்கள் முன் நம்பிக்கை போய்விடும், உலகின் துணை போய்விடும் என்றார். நிலம் திரும்பக் கொடுக்கப்பட்டது. கேள்விப்பட்ட அரசர்கள் எல்லாரும் சீ நாட்டை நம்பத் தொடங்கினார்கள். இரண்டே ஆண்டில் ஹுவான் அவர்களுக்கெல்லாம் தலைவரானார்.

மேட்டின் அடியில் உட்கார்ந்து இதை எழுதும்போது மாணவியின் கேள்வி மறுபடி வந்தது. குவான் ஜோங் சொன்னதில் கருணை கிடையாது. லூ நாட்டு மக்கள் பாவம் என்று அவர் சொல்லவில்லை. கணக்குப் போட்டார், கணக்கில் நம்பிக்கை நிலத்தைவிடக் கனமாக இருந்தது. யென் சொல்லும் அறமும் இதுதான். பலத்துக்கு உள்ளேயே இருக்கும் அறம். அதை அவர் மறைத்ததும் இல்லை. சீனா கூட்டாளிகளைச் சேர்க்க வேண்டும், நம்பத்தகுந்த நாடாக நடக்க வேண்டும் என்று ஆண்டுக்கணக்காக எழுதினார். பெய்ஜிங் இன்றும் அணிசேராக் கொள்கையையே சொல்கிறது. 1961-இல் வடகொரியாவோடு செய்த ஒப்பந்தம் தவிர ராணுவக் கூட்டு என்று எதுவும் இல்லை. தன் அரசு கேட்காத யோசனையையும் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருப்பது ஓர் அறிஞனின் வேலைதான்.

அந்தக் கதைக்கு ஒரு பின்பகுதி உண்டு. குவான் ஜோங் போன இரண்டாம் ஆண்டு ஹுவான் கோமகனும் இறந்தார். பிள்ளைகள் வாரிசுச் சண்டையில் இறங்க, பிணம் 67 நாள் படுக்கையில் கிடந்து புழுக்கள் கதவைத் தாண்டி வெளியே வந்தன என்று பழைய வரலாறு சொல்கிறது. சீ நாட்டின் தலைமை அதோடு போனது. கோட்டை, குதிரை, உப்பு வருமானம் எல்லாம் அப்படியே இருந்தன. தலைமைதான் முக்கியம் என்று யென் பிடிவாதமாகச் சொல்வதன் வேர் இந்த மண்ணில் கிடக்கிறது.

பழைய நகரத்தின் மேற்கு வாசல் அருகே ஜிஷியா கல்விக்கூடம் இருந்த இடத்தைத் தோண்டிக் கண்டிருக்கிறார்கள். ஷுன்ட்ஸு மூன்று முறை அங்கே தலைமை ஆசானாக இருந்தவர். இருட்டிவிட்டதால் தூரத்திலிருந்து பார்த்ததோடு சரி.

ஏழாம் நாள், லான்லிங்

காலையில் வாடகைக் காரில் தெற்கே. மூன்று மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. லான்லிங் மாவட்டத்தின் பெயர் 2014 வரை சாங்ஷான். சாங்ஷான் பூண்டு என்றால் எல்லோருக்கும் தெரியும் என்றார் ஓட்டுநர். உண்மைதான். ஊர் எல்லையிலேயே பூண்டு வாசம் வந்துவிட்டது. சாலையோரம் முழுக்கப் பிடுங்கிய பூண்டைத் தாளோடு காயப்போட்டிருக்கிறார்கள். வயல்களில் கோதுமை பழுத்து நிற்கிறது.

ஷுன்ட்ஸு தன் கடைசிக் காலத்தில் சூ நாட்டின் இந்த ஊருக்கு அதிகாரியாக வந்தார். ஆதரித்த சுன்ஷென் பிரபு கிமு 238-இல் கொல்லப்பட்டதும் பதவி போயிற்று. ஊரைவிட்டுப் போகாமல் இங்கேயே எழுதிக்கொண்டிருந்து இங்கேயே அடங்கினார். சமாதியில் புல் மூடிய மேடும் கல்வெட்டுகளும் இருக்கின்றன. நான் போனபோது வேறு யாரும் இல்லை. கூட்டிப் பெருக்கிக்கொண்டிருந்த ஒரு பாட்டி மட்டும் என்னைப் பார்த்துச் சிரித்தார்.

அவருடைய வரிகள் சிலவற்றை நோட்டில் எழுதி எடுத்து வந்திருந்தேன். அங்கே நின்று தமிழில் வாய்விட்டுப் படித்தேன்: அறவேந்தன் மனிதர்களைக் கவர்கிறான், மேலாதிக்கன் துணைவர்களைக் கவர்கிறான், வலியவன் நிலத்தைக் கவர்கிறான். மனிதர்களைக் கவர்பவனுக்கு அரசர்கள் அடங்குவார்கள். துணைவர்களைக் கவர்பவனுக்கு நண்பர்கள் ஆவார்கள். நிலத்தைக் கவர்பவனுக்குப் பகைவர்கள் ஆவார்கள்.

தியான்ஜினின் ஒன்பது துண்டுகள் நினைவுக்கு வந்தன. கல்வானும் வந்தது. இமயமலையின் அந்த வறண்ட பள்ளத்தாக்கில் கிடைத்தது என்ன, போனது என்ன என்று யென்னின் அளவுகோலை வைத்தே கேட்கலாம். அவருடைய கோட்பாட்டை நான் தொடர்ந்து கற்பிப்பதற்குக் காரணம் அதுதான். அது சீனாவையும் அளக்கும், நம்மையும் அளக்கும். சின்ன அண்டை நாடுகளிடம் நாம் எப்படி நடக்கிறோம் என்று கேட்டால் டெல்லியும் பதில் சொல்லியாக வேண்டும்.

ஆனால் ஒரு இடத்தில் யென்னை விட்டு ஷுன்ட்ஸு பக்கம் போகிறேன். நேற்றைய கணக்கு 'பா' வரைதான் வருகிறது. 'வாங்' வேண்டுமென்றால் 'யி' வேண்டும், நியாயம் வேண்டும் என்கிறார் ஷுன்ட்ஸு. லாபம் இல்லாத நாளிலும் நியாயத்தைப் பிடித்துக்கொள்ளும் ஒரு தலைமையை யென்னின் அட்டவணைக்குள் எப்படி எழுதுவது? அந்த இடத்தில் அவருடைய எழுத்து எனக்கு மெலிந்து தெரிகிறது. ஷுன்ட்ஸுவின் மாணவன் லி சு சின் நாட்டுக்குப் போய் அமைச்சரானான். கிமு 221-இல் சின் எல்லா நாடுகளையும் விழுங்கியது. 15 ஆண்டுதான் தாங்கியது.

மாணவிக்குச் செய்தி அனுப்பினேன். அவள் இப்போது டெல்லியில் முனைவர் பட்ட ஆய்வு செய்கிறாள். "அன்று நீ கேட்டதற்குப் பாதிப் பதில் கிடைத்திருக்கிறது. பலத்தைப் பற்றிய பேச்சுதான், அதை அவர் ஒளிக்கவில்லை. மீதிப் பாதிக்கு நீதான் எழுத வேண்டும்." பத்து நிமிடத்தில் பதில் வந்தது: "மேடம், அந்த வரப்புப் படத்தை மட்டும் அனுப்புங்க."

பெருக்கிக்கொண்டிருந்த பாட்டி கிளம்பும்போது என் கையில் இரண்டு பூண்டு வைத்துவிட்டுப் போனார். இன்னும் ஈரமாக, வேரில் மண்ணோடு இருக்கிறது.